தொட்டிலை ஆட்டும் கைகள்: ஐஸ்லாந்தும் ஜப்பானும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு நாடுகளில் பெண்களின் நிலையை ஒப்பிட்டுப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு பணக்கார நாட்டையும் ஓர் ஏழை நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பாருங்கள், எல்லாவற்றுக்கும் வறுமைதான் காரணம்" என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதனால் ஐஸ்லாந்தையும் ஜப்பானையும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் தீவு நாடுகள். இரண்டிலும் எரிமலை உண்டு, கடலை நம்பிய வாழ்க்கை உண்டு, வசதி உண்டு. இரண்டு நாட்டுப் பெண்களும் நன்றாகப் படித்தவர்கள், நீண்ட ஆயுள் உடையவர்கள். ஆனால் உலகப் பொருளாதார மன்றம் ஆண்டுதோறும் வெளியிடும் பாலின இடைவெளிப் பட்டியலில், 2009 முதல் ஐஸ்லாந்துதான் முதலிடம். 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்த 146 நாடுகளில் ஜப்பானுக்கு 118ஆவது இடம்.

பணமும் படிப்பும் இரண்டு பக்கமும் இருக்கும்போது இத்தனை தூரம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விதான் என்னைக் கொஞ்ச நாளாகத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெண்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் ஓட்டத்தில் முதலில் முந்தியது ஜப்பான்தான் என்றுகூடச் சொல்லலாம். இச்சிகாவா ஃபுசாயே போன்றவர்கள் 1920களிலிருந்தே பெண்களின் ஓட்டுரிமைக்காக அங்கே அலைந்து திரிந்து போராடினார்கள். 1946 ஏப்ரல் 10 அன்று ஜப்பானியப் பெண்கள் முதன்முறையாக ஓட்டுப் போட்டார்கள். அந்த ஒரே தேர்தலில் 39 பெண்கள் நாடாளுமன்றக் கீழவைக்குப் போனார்கள். அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1975இல், ஐஸ்லாந்து நாடாளுமன்றத்தின் 60 உறுப்பினர்களில் எத்தனை பேர் பெண்கள் தெரியுமா? மூன்று பேர்! ஆனால் ஜப்பானின் அந்த 39 என்ற எண்ணைத் தாண்ட 2005ஆம் ஆண்டு வரை ஆயிற்று. கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் ஒரு நாடு தன் முதல் அடியிலேயே நின்றிருக்கிறது.

அந்த 1946இல் நடந்த இன்னொரு சம்பவத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். போரில் தோற்ற ஜப்பானுக்குப் புதிய அரசியலமைப்பை அமெரிக்க ராணுவத் தலைமையகம் அவசரம் அவசரமாக எழுதிக்கொண்டிருந்தது. அந்தக் குழுவில் பியாட்டே சிரோட்டா என்று ஒரு பெண். வயது 22. வியன்னாவில் பிறந்து, ஐந்து வயதிலிருந்து டோக்கியோவில் வளர்ந்தவர். அந்த ஊர்ப் பெண்கள் கணவனுக்குப் பின்னால் நடந்ததையும், சொத்து, திருமணம், மணவிலக்கு என எதிலும் வாய் திறக்க முடியாமல் இருந்ததையும் சின்ன வயதிலேயே கண்ணால் பார்த்தவர். ஜீப்பில் ஏறி, இடிந்து கிடந்த டோக்கியோவில் மிச்சமிருந்த நூலகங்களுக்குப் போய், பல நாட்டு அரசியலமைப்பு நூல்களை அள்ளிக்கொண்டு வந்தார். திருமணம் இருவரின் சம்மதத்தால் மட்டுமே நடக்க வேண்டும், கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை உண்டு என்ற 24ஆவது பிரிவு அவருடைய வரைவிலிருந்து வந்தது. இன்றும் இருக்கிறது.

அவர் எழுதியதில் வெட்டப்பட்ட பகுதியும் ஒன்று உண்டு. கருவுற்ற பெண்ணுக்கும் பாலூட்டும் தாய்க்கும், அவள் மணமானவளோ இல்லையோ, அரசு துணை நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார். இதெல்லாம் அரசியலமைப்பில் வர வேண்டிய சங்கதியா, சாதாரணச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரிகள் அடித்துவிட்டார்கள். அந்தப் பெண் அழுதுவிட்டார். அன்று அடிக்கப்பட்ட வரிகளில்தான் ஜப்பானியப் பெண்களின் அடுத்த எண்பது ஆண்டுகள் மாட்டிக்கொண்டன என்பது என் கருத்து. உரிமை தாளில் வந்தது. தொட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்போது ஐஸ்லாந்துக்கு வருவோம். 1975 அக்டோபர் 24. அந்த ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசப் பெண்கள் ஆண்டாக அறிவித்திருந்தது. ஐஸ்லாந்துப் பெண்கள் ஒரு நாள் எந்த வேலையும் செய்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். வேலைநிறுத்தம் என்று சொன்னால் சில பெண்கள் பயப்படுவார்கள், முதலாளிகளும் நடவடிக்கை எடுப்பார்கள். அதனால் "பெண்களின் விடுமுறை நாள்" என்று பெயர் வைத்தார்கள். விடுமுறை கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்! எவ்வளவு யோசித்து வைத்த பெயர்!

அன்று அந்த நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலகத்துக்கும் போகவில்லை, அடுப்படிக்கும் போகவில்லை. மீன் பதப்படுத்தும் ஆலைகள் நின்றன. பள்ளிகளும் குழந்தைக் காப்பகங்களும் மூடிக் கிடந்தன. பிள்ளைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாக்கள் அவர்களை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைகளில் சாசேஜ் என்ற இறைச்சிப் பண்டம் தீர்ந்துவிட்டது, ஆண்களுக்குச் சமைக்கத் தெரிந்தது அவ்வளவுதான். வானொலியில் செய்தி வாசிக்கும்போது பின்னால் குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்டதாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஒரு நாட்டின் செய்தி அறிக்கைக்குள் குழந்தையின் குரல் வந்துவிட்டது. அதுவரை அந்தக் குரல் வெளியே கேட்காமல் யாரோ ஒருத்தி வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றுதான் எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த நாட்டில், 25,000 பெண்கள் தலைநகர் ரெய்க்யவிக்கில் கூடி நின்றார்கள்.

அடுத்த ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. 1980இல் விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் மூன்று ஆண்களை எதிர்த்து நின்று குடியரசுத் தலைவரானார். மணவிலக்குப் பெற்றவர், ஒரு குழந்தையைத் தத்தெடுத்துத் தனியாக வளர்த்தவர். மக்கள் ஓட்டால் குடியரசுத் தலைவரான உலகின் முதல் பெண் அவர்தான். 16 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

ஆனால் ஐஸ்லாந்தை மாற்றியதில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது 2000ஆம் ஆண்டில் வந்த குழந்தைப் பராமரிப்பு விடுப்புச் சட்டம். அம்மாவுக்கு மூன்று மாதம், அப்பாவுக்கு மூன்று மாதம், இருவரும் பகிர்ந்துகொள்ள மூன்று மாதம். விடுப்புக் காலத்தில் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைத்தது. சூட்சுமம் எங்கே இருந்தது என்றால், அப்பாவின் மூன்று மாதத்தை அம்மாவுக்கு மாற்றித் தர முடியாதபடி வைத்திருந்தார்கள். எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் போயிற்று.

ஜப்பானிலும் 1992 முதல் அப்பாக்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தாளில் பார்த்தால் தாராளமான சட்டம்தான், பின்னாளில் உலகிலேயே தாராளமானவற்றில் ஒன்றாகவும் ஆயிற்று. 2010இல் அதை எடுத்த தந்தையர் எத்தனை சதவீதம்? 1.38. நூறு அப்பாக்களில் இரண்டு பேர்கூட இல்லை. எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. "உன் மனைவி என்ன செய்கிறாள்?" என்று மேலாளர் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. ஐஸ்லாந்து அப்பாவிடம் பதில் இருந்தது: "நான் எடுக்காவிட்டால் அந்த மூன்று மாதம் வீணாகப் போய்விடும், ஐயா."

இதன் பலன் அந்த மூன்று மாதத்தோடு நிற்பதில்லை. வேலை தருபவர் முன்னால் 28 வயதுப் பெண் ஒருத்தியும் 28 வயது ஆண் ஒருவனும் நேர்காணலுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் அவர் கணக்கு என்ன? இவள் பிள்ளை பெற்றுக்கொண்டு போய்விடுவாள், இவன் இருப்பான். ஐஸ்லாந்தில் இருவரும் போவார்கள், இருவரும் திரும்பி வருவார்கள். பெண்ணை மட்டும் ஒதுக்கிவைக்க அந்த முதலாளிக்குக் காரணம் குறைந்துவிடுகிறது.

ஜப்பானில் அந்தக் காரணம் குறையவில்லை. 1985இல் சம வேலைவாய்ப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு பார்க்காதிருக்க "முயற்சி செய்யுங்கள்" என்ற அளவில்தான் அது முதலில் நின்றது. தடை என்ற சொல் வர 1997இல் திருத்தம் தேவைப்பட்டது. பெரிய நிறுவனங்கள் ஊழியரை இரண்டு தடங்களாகப் பிரித்தன. ஒன்று மேலே ஏறும் தடம், மற்றது எழுத்தர் தடம். முதல் தடத்தில் நள்ளிரவு வரை வேலை, எந்த ஊருக்கு மாற்றினாலும் போக வேண்டும். வீட்டில் குழந்தையை யாராவது பார்த்துக்கொண்டால்தான் அந்தத் தடத்தில் ஓட முடியும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் கணக்கில், ஜப்பானியப் பெண் ஒரு நாளில் சம்பளமில்லா வேலைக்குச் செலவிடுவது 224 நிமிடம், ஆண் 41 நிமிடம். தொட்டிலை ஆட்டும் கைதான் உலகை ஆளும் என்று நாம் மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். அந்தக் கை தினமும் 224 நிமிடம் ஆட்டிக்கொண்டே இருந்தால் எப்போது ஆளும்?

2018இல் வெளிவந்த ஒரு செய்தி என்னை மிகவும் நோகடித்தது. டோக்கியோவில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்ணைப் பல ஆண்டுகளாகத் திட்டமிட்டுக் குறைத்து வந்திருக்கிறது. பெண் மருத்துவர்கள் பிள்ளை பெற்றதும் வேலையை விட்டுவிடுவார்களாம். ராத்திரி பகலாகப் படித்த பெண், நாம்தான் சரியாக எழுதவில்லை போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். விசாரணை வந்தது, வேறு கல்லூரிகளிலும் இதே கதை தெரிந்தது. தில்லுமுல்லு நின்ற பிறகு, 2021இல் நாடு முழுக்க மருத்துவ நுழைவுத் தேர்வில் பெண்களின் தேர்ச்சி 13.60 சதவீதம், ஆண்களுடையது 13.51.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் திருமணப் பதிவுப் படிவத்தில், இனி கணவனின் குடும்பப் பெயரா மனைவியின் குடும்பப் பெயரா என்று ஒரு கட்டம் இருக்கும். எதை வேண்டுமானாலும் குறிக்கலாம், ஆனால் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். சட்டம் ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. இருந்தும் சுமார் 95 சதவீதத் தம்பதியரில் பெயரை விடுபவள் பெண். அதன்பின் கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், கையெழுத்துக்குப் பதில் குத்தும் முத்திரைக் கட்டை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு அலைய வேண்டும். 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றே சொன்னது. ஐஸ்லாந்துப் பெண் திருமணத்துக்காகப் பெயர் மாற்றுவதில்லை. அவள் பெயரிலேயே 'இன்னாரின் மகள்' என்று இருக்கும், கடைசிவரை அப்படியே.

ஐஸ்லாந்து சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. தங்கள் வாழ்நாளில் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானதாக அங்கே ஏறக்குறைய 40 சதவீதப் பெண்கள் ஓர் ஆய்வில் சொல்லியிருக்கிறார்கள். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் சம ஊதியச் சான்றிதழ் பெற வேண்டும் என்று 2018இல் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும், குழந்தைகளையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலைகளில் சம்பளம் குறைவுதான். 2023 அக்டோபர் 24 அன்று பெண்கள் மறுபடியும் நாள் முழுக்க வேலையை நிறுத்தினார்கள். "இதையா சமத்துவம் என்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். அப்போதைய பிரதமர் கத்ரின் யாகப்ஸ்டோட்டிர், தானும் வேலைக்கு வரப்போவதில்லை என்று சொல்லி அவர்களோடு சேர்ந்துகொண்டார். முதலிடத்தில் இருப்பவர்கள்தான் இன்னும் போதவில்லை என்று உரக்கச் சொல்கிறார்கள்.

ஜப்பானும் நின்ற இடத்திலேயே இல்லை. 2023 கணக்கில் விடுப்பு எடுக்கும் தந்தையர் 30 சதவீதத்தைத் தாண்டினார்கள். 2024 தேர்தலில் 73 பெண்கள் கீழவைக்குப் போனார்கள், 465 இடங்களில். 2025 அக்டோபர் 21 அன்று சனாயே தக்காய்ச்சி நாட்டின் முதல் பெண் பிரதமரானார். கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது, வட ஐரோப்பிய நாடுகளுக்குக் குறையாத அளவில் பெண்களை அமைச்சரவையில் சேர்ப்பதாகச் சொன்னவர் அவர். அமைச்சர்களாக்கியது இரண்டு பெண்களை. கணவனும் மனைவியும் வெவ்வேறு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அவர் ஏற்பதில்லை.

அதற்கு மூன்றாவது நாள் அக்டோபர் 24. ஐஸ்லாந்துப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து சரியாக 50 ஆண்டுகள். இன்று அங்கே பிரதமரும் பெண், குடியரசுத் தலைவரும் பெண். குடியரசுத் தலைவர் ஹல்லா தோமஸ்டோட்டிர் 1968 அக்டோபரில் பிறந்தவர். சாசேஜ் தீர்ந்துபோன அந்த நாளில் அவருக்கு வயது ஏழு.

நன்றி, வணக்கம்.