பேரேடு முதலில், ஆப் அப்புறம்

வணக்கம் நேயர்களே.

நம் பக்கத்து நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். மாப்பிள்ளை வீட்டாருடைய நகரக் கோயிலிலிருந்தும் பெண் வீட்டாருடைய கோயிலிலிருந்தும் மாலை வந்து சேரும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று மொத்தம் ஒன்பது கோயில்கள். கல்யாணம் முடிந்ததும் அந்தத் தம்பதி தங்கள் கோயிலில் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு குடும்பம். புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. ரங்கூனில் கடை வைத்திருந்தாலும் பினாங்கில் இருந்தாலும் புள்ளிக் கணக்கு இங்கேதான். நான் அந்தச் சமூகத்தில் பிறந்தவன் அல்ல. காரைக்குடியில் வளர்ந்தவன் என்பதால் சின்ன வயதிலிருந்தே இதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் இதை ஓர் உறுப்பினர் பதிவேடாகப் பார்க்கத் தொடங்கியது, எங்கள் சங்கத்தின் செயலாளர் பொறுப்புக்கு வந்த பிறகுதான்.

ஒரு தொழில்சார் சங்கம் தன் தகவல் தொழில்நுட்பத்துக்கு எப்படித் திட்டமிட வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கட்டடப் பொறியாளர். எங்கள் வட்டாரப் பொறியாளர்கள் சங்கத்தில் மூன்று ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், தணிக்கையாளர்கள், மருந்து வணிகர்கள் என்று உறுப்பினர் சந்தாவில் நடக்கிற எந்தச் சங்கத்துக்கும் நான் சொல்வது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பேச்சை எடுத்தாலே செயற்குழுவில் முதலில் வருகிற வார்த்தை 'ஆப்'. ஒரு ஆப் செய்துவிடலாம், எல்லாம் கைக்குள் வந்துவிடும் என்பார்கள். நாங்களும் செய்தோம். பணம் கொடுத்தோம், விழா வைத்து அறிமுகம் செய்தோம். பொத்தானை அழுத்தினால் சந்தா பாக்கி உள்ள அத்தனை பேருக்கும் குறுஞ்செய்தி போகும். போயிற்று.

மறுநாள் காலையில் பள்ளத்தூரிலிருந்து ஓர் அம்மா பேசினார். சத்தம் போடவில்லை. "தம்பி, அவுக போயி ரெண்டு வருஷமாச்சு. சந்தா கட்டலைன்னு வந்திருக்கு. நான் கட்டணுமா?" என்று கேட்டார்.

அவர் கணவர் எங்கள் மூத்த உறுப்பினர். அவர் இறந்த அன்று சங்கத்தின் சார்பில் மாலை வைத்தது நாங்கள்தான். செயற்குழுவில் ஏழு பேர் போயிருந்தோம். ஏழு பேருக்கும் தெரிந்த செய்தி சங்கத்தின் பதிவேட்டுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் பதிவேடு என்று ஒன்று எங்களிடம் இல்லவே இல்லை. நான்கு பட்டியல்கள் இருந்தன. பொருளாளரின் டேலி கணக்கு மென்பொருளில் ஒன்று, ரசீதுப் புத்தக அடிக்கட்டைகளில் ஒன்று, வாட்ஸ்அப் குழுவில் ஒன்று, ஆண்டு மலருக்காக அச்சகத்தில் கிடந்த கோப்பு ஒன்று. நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆப் செய்தவர் எங்களிடம் பட்டியல் கேட்டார், கைக்கு வந்த ஒன்றை நாங்கள் கொடுத்தோம். தவறு அவருடையது அல்ல.

அன்றைக்கு ஆப்பை நிறுத்தி வைத்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று பேர் உட்கார்ந்து நான்கு பட்டியலையும் ஒன்றாக்கத் தொடங்கினோம். இரண்டு மாதம் ஆகிவிட்டது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தொழில்நுட்பத் திட்டம் என்று எழுதுகிற யாரும் இந்த வேலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலில் 'ராம. சொக்கலிங்கம்' என்று இருக்கும். இன்னொன்றில் 'ஆர்.எம். சொக்கலிங்கம்'. மூன்றாவதில் 'சொக்கலிங்கம் ஆர்'. மூவரும் ஒருவரா, இருவரா? இங்கே தலைப்பெழுத்து ஒற்றை எழுத்தில் நிற்காது. அழ., சித., பழ., ராம. என்று அசையாக வரும், சிலருக்கு இரண்டு மூன்று தலைப்பெழுத்து சேர்ந்தே வரும். மென்பொருள் படிவமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. நமக்கேது குடும்பப் பெயர்? போதாததற்கு தாத்தா பெயரைத் தானே பேரனுக்கு வைக்கிறோம். ஒரே வீட்டில் பெரியவர் மெய்யப்பன், பேரன் மெய்யப்பன், இருவருமே பொறியாளர்கள். பெயரை நம்பிச் சேர்த்தால் ஒருவர் சந்தா இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

அதனால் உறுப்பினர் எண்ணை அடையாளமாக வைத்தோம். ஒருவருக்குக் கொடுத்த எண் வேறு யாருக்கும் ஒருபோதும் போகாது. பெயர் இரண்டு கட்டத்தில் இருக்கும்: தமிழில் அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படி, ஆங்கிலத்தில் பட்டச் சான்றிதழில் உள்ளபடி.

மலர்க் கோப்பு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. எங்கள் கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளும் குவியலாகத் தெரிந்தன. தமிழ்நாடு அரசு 2010-லேயே, எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிகிற ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றுக்கொண்டு ஆணை போட்டுவிட்டது. இன்றும் அச்சகத்துக்குப் போகிற கோப்புகள் பல பழைய எழுத்துருவில்தான் இருக்கின்றன. சங்கத்தின் பெயரில் எது தட்டச்சானாலும் ஒருங்குறியில் இருக்க வேண்டும் என்று தீர்மானமே போட்டோம். தேட முடியாத எழுத்து கணினியில் இருந்து என்ன பயன்?

அடுத்தது சாவி. இதை நான் எல்லாச் சங்கங்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் இணையதளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? மின்னஞ்சலின் கடவுச்சொல் யாரிடம்? உள்ளே நுழைய வருகிற ஆறு இலக்க எண் யாருடைய செல்பேசிக்கு வருகிறது? எங்கள் இணையதளப் பெயர் பத்து வருஷத்துக்கு முந்தைய நிர்வாகி ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. நல்ல மனதோடு தன் கைப்பணம் போட்டு வாங்கியவர். வெளியூருக்குப் போய்விட்டார், புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் அவர் பார்க்காத பெட்டியில் கிடந்தன. பெயர் காலாவதியாகி வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். உறுப்பினர்கள் வீடு கட்டுவோருக்குக் கொடுக்கிற முகவரி அட்டையில் எல்லாம் அந்தப் பெயர்தான் அச்சாகியிருந்தது.

செட்டிநாட்டுக்காரர்கள் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த கடைக்கு முதலாளி இங்கிருந்து மேலாளை அனுப்புவார். பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணை. தவணை முடிந்தால் அடுத்து வருகிறவரிடம் பேரேட்டையும் பெட்டிச் சாவியையும் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். கடையின் கணக்குச் சுருக்கமான ஐந்தொகை ஊருக்கு வந்துவிடும். கடை முதலாளியுடையது, மேலாளுடையது அல்ல என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. நம் சங்கங்களுக்கும் சட்டம் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. உறுப்பினர் பதிவேடு வைத்திருக்கவும் வேண்டும். நிர்வாகி மாறுவார் என்று சட்டத்துக்கே தெரிகிறது. நாம்தான் கடவுச்சொல்லை ஒருவர் தலைக்குள் வைத்துவிடுகிறோம்.

இப்போது எங்கள் திட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறோம். எல்லாக் கணக்கும் சங்கத்தின் மின்னஞ்சலில்தான் பதிவாக வேண்டும். சங்கத்தின் பெயரிலேயே ஒரு சிம் கார்டு. உள்நுழையும் அதிகாரம் எப்போதும் இரண்டு பேரிடம். கடவுச்சொல் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகள் அச்சிட்டு, உறையில் ஒட்டி, வங்கிப் பத்திரங்களோடு. புது நிர்வாகம் வரும்போது ஒப்படைப்புப் பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்து. தரவுக்கு மூன்று நகல், அதில் ஒன்று காரைக்குடிக்கு வெளியே.

சரி, பதிவேடும் சாவியும் ஆயிற்று. அப்புறம் என்ன வாங்குவது? இங்கேதான் உறுப்பினரிடம் போய்க் கேட்க வேண்டும். பட்டயக் கணக்காளர்களின் நிறுவனம் செய்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். கணக்காளர் அல்லாதவர்கள் அவர்கள் பெயரில் போலிக் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுத்துவந்தார்கள். அது அந்தத் தொழிலின் மானப் பிரச்சினை. 2019-இல் ஒவ்வொரு சான்றிதழுக்கும் 18 இலக்கத் தனி எண்ணைக் கட்டாயமாக்கினார்கள். வங்கியோ அரசு அலுவலகமோ அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் உண்மையா இல்லையா தெரிந்துவிடும். முதலில் உறுப்பினரின் வலி, அதற்குப் பிறகு கணினி.

நாங்கள் கேட்டபோது ஆப் வேண்டும் என்று சொன்னவர்கள் சிலர்தான். பெரும்பாலோர் கேட்டது விதிகள். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்குத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, விதிப்படிதான் கட்டுகிறோம் என்று உரிமையாளரே உறுதி தந்து அனுமதி பெறும் சுயசான்று முறை வந்தபோது எங்கள் தொலைபேசி ஓயவில்லை. எந்தத் திருத்தம் இப்போது செல்லும், எது பழையது என்று தேதி வாரியாக ஒரே இடத்தில், தேடுகிற மாதிரி இருந்தால் போதும் என்றார்கள். அதற்குப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. விதியைப் படித்து ஒழுங்குபடுத்த ஓர் ஆள்தான் வேண்டும். திட்டத்தில் பணம் ஒதுக்கியது அந்த ஆளுக்குத்தான்.

செலவைப் பற்றி இரண்டே வார்த்தை. விற்க வருகிறவரிடம் முதல் ஆண்டு விலையைக் கேட்காதீர்கள், ஐந்து ஆண்டுக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். நாங்கள் விலகினால் எங்கள் தரவை எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர்தான் இருக்க முடியும், பெரிய சங்கங்களுக்குப் போதாது. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி சங்கத்தின் பெயரையும் செய்தியின் மாதிரியையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்கான நாளையும் திட்டத்தில் சேருங்கள்.

ஒன்றை மட்டும் விட மனமில்லை. மலருக்கு விளம்பரம் தருகிற டைல்ஸ் கடை, சிமென்ட் முகவர் எல்லாரும் உறுப்பினர் பட்டியலைக் கேட்பார்கள். பழக்கத்துக்காகக் கொடுத்துவிடுவோம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. விவரம் எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும், அந்த அறிவிப்பை உறுப்பினர் தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும். அபராதம் அதிகபட்சம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அபராதத்தை விடுங்கள். நம்மை நம்பி எண்ணைக் கொடுத்தவருக்குத் தினம் பத்து விற்பனை அழைப்பு வருவது நியாயமா?

பதிவேட்டில் நாங்கள் கடைசியாகச் சேர்த்தவை இரண்டு கட்டங்கள். ஒன்று, 'எப்படித் தெரிவிக்க வேண்டும்' என்பது. வாட்ஸ்அப், குறுஞ்செய்தி, தொலைபேசி, தபால் என்று உறுப்பினரே சொல்லலாம். தேவகோட்டையில் ஒரு பெரியவர் தபால் என்றார். அவருக்கு இன்றும் அழைப்பிதழ் அஞ்சலில்தான் போகிறது.

இரண்டாவது, நிலை. நடப்பு, ஓய்வு, மறைவு. மறைந்தவர் பதிவை அழிப்பதில்லை, தேதி குறித்து வைக்கிறோம். செய்தி எதுவும் அந்த எண்ணுக்குப் போகாது. இந்த ஆண்டு பொதுக்குழுவில் அஞ்சலிப் பட்டியலை அந்தப் பதிவேட்டிலிருந்துதான் வாசித்தோம். பள்ளத்தூர் அம்மாவுக்கு முன்கூட்டியே நான் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கணவரின் பெயர் தலைப்பெழுத்துகள் மாறாமல், எண்ணோடு, பட்டியலில் மூன்றாவதாக இருந்தது.

நன்றி. வணக்கம்.