தேதி குறிக்காத தேர்தல்

[திரையில்: கிராமத்துத் தெரு, எரியாத விளக்குக் கம்பம்]

தெருவிளக்கு எரியல. குழாய்ல ரெண்டு நாளா தண்ணி வரல. கிராமத்துல என்ன செய்வோம்? நேரா தலைவர் வீட்டுக்குப் போவோம். ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் தட்டலாம். ஏன்னா, ஓட்டு கேட்டு அவர் நம்ம வாசலுக்கு வந்துதான் ஆகணும்.

அந்தத் தலைவரே இல்லைன்னா?

2025 ஜனவரி 5-ஆம் தேதி, தமிழ்நாட்டுல 28 மாவட்டங்களோட ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிஞ்சுது. அதுக்குள்ள தேர்தல் நடக்கல. நிர்வாகம், அரசு நியமிச்ச தனி அலுவலர்கள் கைக்குப் போச்சு.

ஜனநாயகத்துக்கு ஆபத்துன்னா கள்ள ஓட்டு, பணம், ராணுவம்னு பேசுறோம். தேர்தலுக்குத் தேதியே குறிக்காம விட்டா, யாரும் போராடத் தெருவுக்கு வர்றதில்ல. எனக்கு அதுதான் பெரிய கவலை.

[திரையில்: அரசியல் சட்டப் பக்கம்]

ஊராட்சியோ மாநகராட்சியோ, ஆயுள் 5 வருஷம். அது முடியறதுக்கு முன்னாடியே அடுத்த தேர்தல் முடிஞ்சிருக்கணும்னு அரசியல் சட்டமே சொல்லுது. 2006-ல கிஷன்சிங் தோமர் வழக்குல உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிச்சு.

அப்புறம் எப்படித் தள்ளிப்போகுது? வார்டு வரையறை முடியல, இடஒதுக்கீடு சரியில்ல, வழக்கு இருக்கு. தனித்தனியா பார்த்தா நியாயமான காரணங்கள்தான். 2016 அக்டோபர்ல பழங்குடியினர் இடஒதுக்கீட்டுப் பிரச்சினையில சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செஞ்சுது. ஆனா டிசம்பர் 31-க்குள்ள தேர்தலை முடிங்கன்னும் சொல்லிச்சு. பெரும்பாலான கிராமங்கள்ல தேர்தல் நடந்தது 2019 டிசம்பர்ல. சென்னை மாநகராட்சிக்கு? 2022 பிப்ரவரி. அஞ்சு வருஷத்துக்கும் மேல, இத்தனை பெரிய நகரத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்ல.

மும்பையிலயும் 2022 மார்ச்ல மாநகராட்சி மாமன்றத்தோட காலம் முடிஞ்சு, தேர்தல் வர கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆச்சு.

தனி அலுவலர் நல்லவரா இருக்கலாம், உழைப்பாளியா இருக்கலாம். ஆனா அவர் பதில் சொல்றது மேலிடத்துக்கு. கிராம சபையில எழுந்து கேள்வி கேட்கிற அம்மாவால அவரை மாத்த முடியாது.

[திரையில்: இலங்கை வரைபடம்]

இலங்கையில இந்தப் பழக்கம் இன்னும் ஆழமானது. 1977-ல தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தோட ஆயுளை, 1982 டிசம்பர்ல பொது வாக்கெடுப்பு வச்சு 6 வருஷம் நீட்டினாங்க. அடுத்த பொதுத்தேர்தல் 1989-லதான். இடையில 1983 ஜூலைக் கலவரம் வந்துச்சு. அந்த வருஷங்கள்ல தமிழர்கள் என்ன அனுபவிச்சாங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல.

2023 மார்ச்ல நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், காசு இல்லைன்னு நின்னுபோச்சு. அது அடிப்படை உரிமை மீறல்னு 2024-ல இலங்கையோட உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. 2025 மே 6-ல ஒருவழியா நடந்துச்சு.

மாகாண சபைகளுக்கு அதுவும் இல்ல. 2017-ல தேர்தல் முறையை மாத்தினாங்க. புது முறைக்குத் தொகுதி எல்லை நிர்ணயம் வேணும். அதுக்கான அறிக்கை 2018-ல நாடாளுமன்றத்துக்கு வந்தப்போ, ஆதரிச்சு ஒருத்தர்கூட ஓட்டுப் போடல. பழைய முறையும் போச்சு, புது முறையும் வரல.

[திரையில்: கைதடி, வடக்கு மாகாண சபைக் கட்டடம்]

வடக்கு மாகாண சபைக்கு மக்கள் ஓட்டுப் போட்டது 2013 செப்டம்பர் 21. 2018 அக்டோபர்ல அதோட காலம் முடிஞ்சுது. அப்புறம் ஆளுநர் நிர்வாகம். 2014-ல 18 வயசான யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 2025-ல 29 வயசாகியும் தன் மாகாண சபைக்கு ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்ல.