அந்தப் பிள்ளை ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?

(வெள்ளவத்தையில் பெற்றோர்கள், முன்பள்ளி ஆசிரியர்கள் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான பெற்றோர்களே, ஆசிரியத் தோழிகளே, பேரப்பிள்ளைகளுக்காக வந்திருக்கும் அம்மம்மாக்களே, அப்பப்பாக்களே, வணக்கம்.

வடகொழும்பில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்தேன். பிற்பாதி முழுவதும் விசேட கல்விப் பிரிவில் கழிந்தது. நான் ஏன் அந்தப் பக்கம் போனேன் என்பதைச் சொன்னால் இன்றைய பேச்சில் பாதி முடிந்துவிடும்.

மூன்றாம் தரத்தில் ஒரு சிறுமி இருந்தாள். "புத்தகத்தை எடுங்கள்" என்று நான் சொன்னதும் வகுப்பே பைக்குள் கையை விடும். அவள் மட்டும் முதலில் பக்கத்து மேசையைப் பார்ப்பாள். அங்கே தமிழ்ப் புத்தகம் வந்தால் அவளும் தமிழ்ப் புத்தகத்தை எடுப்பாள். கணிதம் வந்தால் கணிதம். முகத்தைப் பார்த்துச் சொல்வதெழுதல் சொன்னால் பத்தில் எட்டு சரியாக இருக்கும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று சொன்னால் இரண்டு. மழை நாளில் தகரக் கூரைச் சத்தத்தில் அந்த இரண்டும் இராது. நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்னேற்ற அறிக்கையில் "கவனம் போதாது" என்று எழுதினேன். ஒரு நாள், பார்த்து எழுதுகிறாள் என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். அவள் அழவில்லை. ஏன் நிறுத்தினார்கள் என்பதே அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த ஆண்டு பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வந்த வைத்தியர் அவளுக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் பெயரைக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இரண்டு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் பசைபோல நீர் தேங்கியிருந்தது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு வரக்கூடியதுதான். சின்னஞ்சிறு குழாய் வைத்து நீரை வெளியேற்றினார்கள். வகுப்புக்குத் திரும்பி வந்த அன்று அவள் நிமிர்ந்து பார்த்து என்னிடம் கேட்டாள்: "டீச்சர், இந்த ஃபேன் எப்போதுமே இப்படிச் சத்தம் போடுமா?"

அறிகுறி முழுவதும் ஓர் ஆண்டு என் கண்முன்னே நடந்தது. நான் அதைக் குணம் என்று படித்துவிட்டேன். இன்று உங்களிடம் பேச வந்தது இந்த ஒன்றைப் பற்றித்தான். சோம்பேறி, திமிர் பிடித்தவன், அடங்காதவன், செல்லம் கொடுத்துக் கெட்டவள், பராக்குப் பார்ப்பவன் என்று பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் பெயர்கள் ஒவ்வொன்றின் கீழும் சில வேளை ஓர் இயலாமை ஒளிந்திருக்கிறது.

இயலாமை என்றதும் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் நம் நினைவுக்கு வருகின்றன. போலியோவால் கால் சூம்பியவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். 1993க்குப் பிறகு இலங்கையில் யாருக்கும் போலியோ வரவில்லை. போரும் வந்து எத்தனையோ பேரின் கால்களைக் கொண்டுபோனது. அவை பார்த்த உடனே தெரிபவை. ஆனால் பெரும்பகுதி பார்த்தால் தெரியாது. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய், பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் வைத்துக்கொள்வதில், தன் வேலைகளைத் தானே செய்வதில், பேசிப் புரியவைப்பதில் கடினம் உண்டா என்று கேட்டார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர் ஏதோ ஒன்றில் உண்டு என்றார்கள். "ஊனம் உண்டா?" என்று கேட்டிருந்தால் பாதிப்பேர் வாய் திறந்திருக்க மாட்டார்கள். வீட்டிலும் வகுப்பிலும் கணக்கெடுப்பின் கேள்வியையே நாம் கேட்கலாம்: உனக்கு எது கடினமாக இருக்கிறது, பிள்ளை?

இனிப் பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சிக்கு வருகிறேன். என்னிடம் வரும் தாய்மாரில் அதிகம் பேர் கேட்பது இதைத்தான்: "இரண்டரை வயதாகிறது, இன்னும் பேசவில்லை." கூடவே வீட்டின் ஆறுதலும் வரும். "அப்பாவும் தாமதமாகத்தான் பேசினாராம்." "ஆண்பிள்ளைகள் அப்படித்தான்." கொழும்பில் மூன்றாவது ஆறுதல் ஒன்றும் உண்டு: "வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம், முன்பள்ளியில் ஆங்கிலம். பிள்ளை குழம்பிவிட்டது." இந்த மூன்றாவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தடைப்படுவதில்லை. சொற்களை எண்ணும்போது எல்லா மொழிகளையும் சேர்த்து எண்ண வேண்டும். "தண்ணி" ஒன்று, சிங்களத்தில் தங்கையைச் சொல்லும் "நங்கி" ஒன்று, ஆங்கிலத்தில் பந்தைச் சொல்லும் "பால்" ஒன்று. ஒன்றரை வயதில் சில சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேண்டாம்" என்று இரண்டு சொல் சேர வேண்டும். சேரவில்லையென்றால் வீட்டுத் தமிழைக் கைவிட்டு ஆங்கிலத்துக்கு மாறுவது மருந்தாகாது. அம்மம்மாவோடு பேசும் மொழியையும் பிள்ளை இழந்துவிடும்.

பேச்சுத் தாமதமானால் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுக்க மாட்டேன். கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் "ஆ", "ஊ" என்று குரல் கொடுக்கும். அதைக் கேட்டு நாம் நிம்மதியாகிவிடுகிறோம். தன் குரலே தன் காதுக்கு எட்டாததால் பிறகு அந்த மழலை வளராமல் குறையத் தொடங்கும். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையோ கருவியோ என்பது உலகம் முழுவதும் வைத்தியர்கள் வைத்திருக்கும் கணக்கு. சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்று பயப்படும் பெற்றோரும் இருக்கிறார்கள். சைகை பேச்சைத் தடுப்பதில்லை. 1912இல் தொடங்கிய, கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை இரத்மலானையில் இருக்கிறது. நம் கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. கையால் பேசும் ஒரு மொழி வீட்டுக்குள் வந்தால் வீடு பெரிதாகும்.

காது நன்றாக இருக்கிறது, ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. தொலைக்காட்சியில் பிடித்த விளம்பரப் பாட்டு வந்தால் மட்டும் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறது. அங்கேதான் ஆட்டிசம் பற்றி, அதாவது பிறரோடு பழகுவதும் பேசுவதும் வேறு விதமாக வளரும் நிலை பற்றி, யோசிக்க வேண்டும். ஒரு வீட்டில் நான் கண்டது: இரண்டு வயதுப் பையனுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலிருக்கும் பால் வேண்டும். அவன் தாயைப் பார்க்கவில்லை, விரலை நீட்டவில்லை. தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் அவருடைய கையைக் கதவின் கைபிடியில் வைத்தான், ஒரு சாவியை வைப்பதுபோல. தாய் சிரித்துக்கொண்டே, "கெட்டிக்காரன், பேசாமலே காரியத்தைச் சாதித்துவிடுவான்" என்றார். ஒன்றரை வயதுப் பிள்ளை தனக்கு வேண்டியதை மட்டுமல்ல, வானத்தில் போகும் விமானத்தையும் சுட்டிக்காட்டி, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தத் திரும்பல் இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். ஆட்டிசத்தை 1943இல் லியோ கானர் என்ற வைத்தியர் முதன்முதலில் விரிவாக எழுதியபோது பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். பிறகு சில காலம், தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் இது வருகிறது என்றார்கள். அது பொய் என்று எப்போதோ நிரூபணமாகிவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் வேலைக்குப் போகும் ஒரு தாயிடம் "நீ பிள்ளையோடு இருக்கவில்லை" என்று சொல்லும் உறவினர் இருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் அப்படிப்பட்ட ஒரு தாய் இருந்தால், அம்மா, நீங்கள் எதுவும் செய்துவிடவில்லை.

கைகால்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு மாதத்தில் தலை நிற்க வேண்டும், ஒன்பது மாதத்தில் பிடிமானமின்றி உட்கார வேண்டும், ஒன்றரை வயதில் நடக்க வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் "இடக்கைப் பழக்கம்" என்று பெருமைப்படாமல், மற்றக் கை பலவீனமா என்று பாருங்கள். கைகால் அசைவைப் பாதிக்கும் பெருமூளை வாதத்தின் முதல் குறிப்பாக இருக்கலாம். நான்கைந்து வயதுப் பையன் தரையிலிருந்து எழும்போது கைகளை முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் காலிலேயே ஏறி எழுவதுபோல எழுந்தால் அதைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். தசை வலுவிழக்கும் நோயின் அடையாளமாக அது இருக்கலாம். எந்த வயதிலும், வந்த பேச்சோ நடையோ திரும்பப் போய்விட்டால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

ஆசிரியைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசித்துக்கொண்டே இருக்கும் பிள்ளை நடுவில் நிற்கிறது. கண் ஒரே இடத்தில் நிலைக்கிறது, இமை லேசாகத் துடிக்கிறது. பத்து விநாடி. பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்கிறது, ஆனால் எந்த வரியில் நின்றது என்று தெரியவில்லை. கனவு காண்கிறாயா என்று அதட்டுகிறோம். அதுவும் ஒரு வகை வலிப்பு. விழுவதும் நுரை தள்ளுவதும் இல்லாத வலிப்பு. ஒரு நாளில் பல தடவை வரலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்தால் கட்டுப்படும்.

வாசிப்புக் குறைபாட்டை நம் மொழியில் தனியாகக் கவனிக்க வேண்டும். "கொக்கு" என்று எழுதும்போது காது முதலில் கேட்பது "க்" என்ற ஒலியை. கை முதலில் எழுதுவதோ கொம்பை. ஒலியின் வரிசை ஒன்று, எழுத்தின் வரிசை வேறு. எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் தடுமாறித் தாண்டிவிடுகிறார்கள். சிலர் தாண்டுவதில்லை. ல, ள, ழ தடுமாறுவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அது நம்மில் பலருக்கும் உண்டு. கதை சொல்லச் சொன்னால் அழகாகச் சொல்கிறான், கேள்விக்கு வாயால் சரியாக விடை தருகிறான், ஆனால் மூன்றாம் தரத்திலும் எழுத்துக் கூட்டி வாசிக்க முடியவில்லை. பாடத்தை மனப்பாடம் செய்து, படத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதுபோல ஒப்பிக்கிறான். அவனைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். புத்தகத்தில் இல்லாத ஐந்து சொற்களைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நோக்கி வகுப்பே ஓடும்போது இவனை "மொக்கன்" என்று ஒதுக்கிவிடுகிறோம். அறிவில் குறையே இல்லாத பிள்ளை, தன்னை அறிவில்லாதவன் என்று எட்டு வயதில் நம்பத் தொடங்குகிறது. இதைவிடக் கொடுமை எனக்குத் தெரியாது.

வீட்டுப் பெரியவர்களையும் மறந்துவிடக் கூடாது. காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் நின்று, "தம்பி, வருவது நூறா, நூற்றொன்றா?" என்று கேட்பவரின் கண்ணில் புரை வளர்ந்திருக்கலாம். அது கேட்கவாவது வைக்கிறது. கண் அழுத்த நோய் அப்படியல்ல. பார்வையின் ஓரங்களை முதலில் தின்னும். நடு மிஞ்சியிருப்பதால் பத்திரிகை வாசிப்பார், படியில் மட்டும் தடுக்குவார், சந்தையில் பக்கத்தில் வருபவர் மேல் இடித்துக்கொள்வார். போன பார்வை திரும்பாது. நாற்பது வயது தாண்டியவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் ஒழுங்காகக் கண்ணைக் காட்டுங்கள். இன்னொருவர் பேரப்பிள்ளைகள் பேசும்போது மட்டும் மௌனமாகிவிடுகிறார். முதுமையில் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும். சத்தம் கேட்கும், சொல் விளங்காது. இரண்டு முறை "என்ன?" என்று கேட்டுவிட்டு மூன்றாவது முறை கேட்க வெட்கப்பட்டுச் சும்மா தலையாட்டுகிறார்.

மனம் சார்ந்தவை பற்றி ஒரு சொல். உயர்தரம் படிக்கும் பிள்ளை நண்பர்களை விட்டு அறைக்குள் அடைகிறது, குளிப்பதில்லை, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்கிறது. செய்வினை என்று நூல் கட்டப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் அழுங்கள், கோயிலில் நேர்த்தி வையுங்கள்; உங்கள் நம்பிக்கையை நான் தொடமாட்டேன். புதன்கிழமை காலையில் வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். குழந்தை பிறந்தபோது கிளினிக்கில் தந்த புத்தகம் உங்கள் அலமாரியில் இருக்கிறது. தடுப்பூசித் திகதி பார்க்க மட்டும் அதைத் திறக்கிறோம். எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் காட்டுங்கள். அவர் மேலே அனுப்புவார், தேவைப்பட்டால் பொரளை சிறுவர் வைத்தியசாலை வரை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, இயலாமையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் மறுக்க முடியாது. மறுத்தால் எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

என் பேச்சு இவ்வளவுதான். கேள்விகளை இங்கே எழுந்து கேட்கலாம். எல்லார் முன்னாலும் கேட்க மனமில்லாதவர்கள் இருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். பின்கதவு ஓரத்தில் ஒரு கதிரை போடச் சொல்லியிருக்கிறேன். மண்டபத்தைப் பூட்டும்வரை அங்கே இருப்பேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.