உலகக் கோப்பைக் கால்பந்தை இந்தியா நடத்த முடியுமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "2034ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்து சவூதி அரேபியாவுக்குப் போய்விட்டது. கிரிக்கெட் உலகக் கோப்பையையே நடத்திக் காட்டிய இந்தியாவால் இதை நடத்த முடியாதா? நடத்தினால் சென்னையில் ஆட்டம் பார்க்கக் கிடைக்குமா?"

முதலில் ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு கண்டத்தில் உலகக் கோப்பை நடந்துவிட்டால், அடுத்த இரண்டு போட்டிகளுக்கு அந்தக் கண்டத்து நாடுகள் உரிமை கோர முடியாது என்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் இப்போதைய விதி. 2022இல் கத்தார் நடத்தியதால் 2026க்கும் 2030க்கும் ஆசிய நாடுகள் போட்டியிடவில்லை. 2024 டிசம்பரில் சவூதி அரேபியாவுக்கு 2034 உறுதியாகிவிட்டதால், 2038, 2042 ஆகிய இரண்டுக்கும் ஆசியாவின் கதவு அடைபட்டுவிட்டது. ஆகவே இந்த விதி மாறாமல் இருந்தால், இந்தியா விண்ணப்பிக்கக்கூடிய முதல் உலகக் கோப்பை 2046ஆம் ஆண்டினுடையது. இன்று ஆறாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருக்கும்.

அந்த இருபது ஆண்டுகளில் அரங்குகளைக் கட்டிவிடலாமே என்று தோன்றும். கட்டலாம், பணம் இங்கே பெரிய தடையாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் தேவை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். 48 அணிகள், 104 ஆட்டங்கள், குறைந்தது 14 அரங்குகள்; ஒவ்வொன்றிலும் குறைந்தது 40,000 இருக்கைகள், தொடக்க ஆட்டத்துக்கும் இறுதி ஆட்டத்துக்கும் 80,000. அகமதாபாத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கு இருக்கிறதே என்பார்கள். அது கிரிக்கெட்டுக்காகக் கட்டப்பட்ட வட்ட வடிவ மைதானம். நீள்சதுரக் கால்பந்துக் களத்தை அதன் நடுவில் வரைந்தால், பார்வையாளருக்கும் பக்கக் கோட்டுக்கும் இடையே வெறும் புல்வெளிதான் மிஞ்சும். கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கைத் தவிர, கால்பந்து உணர்வோடு இயங்கும் பேரரங்கு என்று இன்று சுட்டிக்காட்ட நம்மிடம் அதிகமில்லை.

நடத்தும் திறமையே நமக்கு இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2017இல் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பையை இந்தியா ஆறு நகரங்களில் நடத்தியது. 13,47,000க்கும் மேற்பட்டோர் அரங்குகளுக்கு வந்தார்கள். அந்தப் போட்டியின் வரலாற்றில் அதற்கு முன் அப்படியொரு கூட்டம் சேர்ந்ததில்லை. இங்கிலாந்துக்கும் பிரேசிலுக்கும் இடையிலான அரையிறுதி குவாஹாட்டியில் நடப்பதாக இருந்தது. மழையில் அங்கே ஆடுகளம் கெட்டுவிட்டதால், இரண்டே நாள் மிச்சமிருக்கும்போது ஆட்டத்தைக் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அந்த இரண்டு நாளில் டிக்கெட் விற்று, 63,000க்கும் மேற்பட்டோர் வந்து உட்கார்ந்து, இங்கிலாந்து வீரர் ரியன் ப்ரூஸ்டரின் மூன்று கோல் ஹாட்ரிக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கொல்கத்தாவுக்குக் கால்பந்துப் பித்து இன்னும் தெளியவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதே போட்டியில் கொச்சியையும் பார்க்க வேண்டும். அங்கே நேரு அரங்கின் படிக்கட்டுகளுக்குக் கீழே கடைகள் இயங்கிவந்தன. பாதுகாப்புக்காக அவற்றைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அவசர காலத்தில் கூட்டம் வெளியேறுவதற்கான வழிகள் போதாது என்பதால், ஏறத்தாழ 41,000 பேருக்கென்று பேசப்பட்ட கொள்ளளவை 29,000 அளவுக்குக் குறைத்தார்கள். பிரேசிலும் ஸ்பெயினும் மோதிய ஆட்டத்துக்குக்கூட, அந்தக் குறைந்த அளவுக்கு மேல் ஆட்களை உள்ளே விட வழியில்லை. ஆக, கட்டடம் இருந்தால் மட்டும் போதாது, கூட்டம் எத்தனை நிமிடத்தில் வெளியேறும் என்பதையும் சேர்த்தே ஃபிஃபா கணக்கிடுகிறது.

என் பார்வையில் இவையெல்லாம் தீர்க்கக்கூடிய சிக்கல்கள்தாம். தீராமல் இழுத்துக்கொண்டே இருப்பது நிர்வாகம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த பிரஃபுல் படேல், 2020 டிசம்பரில் பதவிக்காலம் முடிந்த பிறகும் தேர்தல் நடக்காமல் தொடர்ந்தார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை நீக்கி, நிர்வாகக் குழு ஒன்றை அமர்த்தியது. வெளியார் தலையீடு என்று காரணம் காட்டி, ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவையே இடைநீக்கம் செய்தது. அக்டோபரில் மகளிருக்கான 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இங்கே நடக்கவிருந்த நேரம் அது. பத்துப் பதினோரு நாட்களில் தடை விலகியதால் போட்டி தப்பியது. வீடு நிறைய விருந்தாளிகளை அழைத்துவிட்டு, பந்தி போடும் நேரத்தில் பங்காளிகள் சாவிக்காகச் சண்டையிட்டுக்கொண்டது போலத்தான் இருந்தது.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே 2027ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையை நடத்தும் போட்டியிலிருந்து இந்தியா தானாக விலகிக்கொண்டது. பெரிய போட்டிகளை நடத்துவது இப்போதைய முன்னுரிமை இல்லை என்று புதிய நிர்வாகம் விளக்கம் சொன்னது. களமிறங்கி விளையாடும் உரிமையாவது கிடைத்ததா என்றால், 2025 அக்டோபரில் கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 2–1 எனத் தோற்று அந்த வாய்ப்பையும் இழந்தோம். கூட்டமைப்பின் வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடியவிருந்ததால் எழுந்த சிக்கலில், நாட்டின் முதன்மை லீக்கான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடரே அந்தப் பருவத்தில் உரிய நேரத்தில் தொடங்கவில்லை. சொந்த நாட்டு லீக் எப்போது தொடங்கும் என்று அப்போது சொல்ல முடியாமல் நின்ற கூட்டமைப்பு, இருபது ஆண்டுக்குப் பிந்தைய போட்டிக்கு உறுதி கொடுத்தால் யார் நம்புவார்கள்?

உலகக் கோப்பையை நடத்த விரும்பும் நாட்டின் அரசு விசா, வரிவிலக்கு முதலியவற்றுக்கும் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். நொய்டா பக்கம் 2011 முதல் 2013 வரை மூன்று முறை நடந்த ஃபார்முலா ஒன் கார் பந்தயம், வரித் தகராறு உள்ளிட்ட காரணங்களால் நின்றுபோனது நினைவிருக்கலாம்.

நடத்தும் நாட்டுக்குத் தகுதிச் சுற்று இல்லாமலே இடம் கிடைக்கும் என்று ஆசை காட்டுபவர்களும் உண்டு. அப்படி நுழைந்த கத்தார், தன் மண்ணில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அவர்களாவது அதற்கு முன் 2019இல் ஆசியக் கோப்பையை வென்றிருந்தார்கள்.

எனவே இந்தியா முதலில் கேட்டுப் பெற வேண்டியது ஆசியக் கோப்பை. அதில் 24 அணிகள், 51 ஆட்டங்கள்தாம். 2019இல் ஐக்கிய அரபு அமீரகம் நடத்தியபோது 20,000 பேர்கூட அமர முடியாத அரங்குகளிலும் ஆட்டங்கள் நடந்தன. இந்தியா அதை ஒருமுறைகூட நடத்தியதில்லை.

சென்னையைப் பற்றிய கேள்விக்கும் இதிலேயே விடை வருகிறது. 'சென்னையின் எஃப்சி' என்ற ஐஎஸ்எல் அணி ஆடும் சென்னை நேரு அரங்கில் ஏறத்தாழ 40,000 பேர் அமரலாம். ஊடகத்துக்கும் முக்கிய விருந்தினருக்கும் ஒதுக்கியது போக, உலகக் கோப்பைக்கு வேண்டிய எண்ணிக்கை அங்கே தேறாது. சுற்றிலும் தடகள ஓடுபாதை ஓடுவதால், கோல் கம்பத்துக்குப் பின்னால் அமர்பவருக்கு எதிர்முனையில் விழும் கோல் சரியாகத் தெரியாது. சேப்பாக்கமோ கிரிக்கெட்டுக்கானது. உலகக் கோப்பை என்றால் சென்னைக்குப் புதிய அரங்கு கட்டியாக வேண்டும். ஆசியக் கோப்பை என்றால் இதே நேரு அரங்கைச் செப்பனிட்டுக் குழு ஆட்டங்கள் சிலவற்றைக் கேட்கலாம், கிடைக்கவும் கூடும்.