காற்று விட்டால் வண்டி வரும்

நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில், குவில்ட்டி என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறது. அங்கே இருந்த சின்ன ரயில் நிலையத்தை 1961ல் மூடிவிட்டார்கள். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் அந்த நிலையம் இருந்த மேற்கு கிளேர் ரயில் பாதையின் பேரைச் சொன்னாலே அயர்லாந்துக்காரர்கள் ஒரு பாட்டைப் பாடிச் சிரிப்பார்கள். முதலில் அந்தப் பாட்டின் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன்.

அந்தப் பாதையில் 1887ல் வண்டி ஓடத் தொடங்கியது. தண்டவாளங்களுக்கு இடையே மூன்றே அடி. 1896 ஆகஸ்டில் பெர்சி பிரெஞ்ச் என்ற பாடகர், கில்கீ என்ற கடற்கரை ஊரில் கச்சேரி செய்ய இந்த வண்டியில் ஏறினார். மனிதர் படித்தது பொறியியல், கொஞ்ச காலம் வடிகால் பார்க்கும் அரசு வேலையிலும் இருந்தவர். அப்படிப்பட்டவரை மாட்டிவிட்டது எது தெரியுமா? தண்ணீர்ப் பாசி! நீராவி எஞ்சினுக்கு நிரப்பிய தண்ணீரில் பாசி கலந்து அடைத்துக்கொள்ள, வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. மணிக்கணக்கில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், கூட்டத்தில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போயாயிற்று. காசு போச்சு. சும்மா விடுவாரா? வழக்குப் போட்டார், பத்து பவுண்டு நஷ்டஈடும் வாங்கினார். கம்பெனி அப்பீல் போனது, அங்கேயும் தோற்றது. அந்த விசாரணைக்கே அவர் தாமதமாக வந்து, ‘உங்கள் ரயிலில்தான் வந்தேன்’ என்றாராம். இது செவிவழிக் கதை, ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. பிறகு அந்த வண்டியின் தாமதத்தைக் கேலி செய்து ஒரு பாட்டும் எழுதினார். பத்து பவுண்டோடு போயிருக்க வேண்டிய விஷயம், நூறு வருஷத்துக்கு மேலாகக் கம்பெனியின் மானத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பாட்டை நம்பாதீர்கள் என்பதுதான் என் கட்சி. ஏனென்றால் குவில்ட்டியில் வண்டி நின்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் இருந்தது.

அட்லாண்டிக் கடலை ஒட்டிய வெட்டவெளி அது, காற்றைத் தடுக்க மரம் மட்டை கிடையாது. எப்பேர்ப்பட்ட கடல் என்றால், 1907ல் ஒரு பிரெஞ்சுப் பாய்மரக் கப்பல் அங்கே உடைந்தபோது, குவில்ட்டி மீனவர்கள் தார் பூசிய துணிப் படகுகளில் துடுப்புப் போட்டுப் போய் மாலுமிகளைக் காப்பாற்றினார்கள். அதற்கு முன்பே, 1899ல், காற்று ஒரு ரயிலைத் தண்டவாளத்திலிருந்து தள்ளிவிட்டது. மூன்றடிப் பாதையில் லேசான பெட்டிகள், வேறென்ன ஆகும்?

அதனால் 1909ல் குவில்ட்டி நிலையத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றை வைத்தார்கள். மணிக்கு 60 மைல், அதாவது கிட்டத்தட்ட 97 கிலோமீட்டரைத் தொட்டால், பெட்டிகளில் பாரம் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பலாம். 80 மைலைத் தொட்டால் எந்த வண்டியும் கிடையாது, காற்று அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். யோசித்துப் பாருங்கள், மழையிலும் குளிரிலும் மூட்டையோடு நிற்கிற பயணிக்கு இது தெரியுமா? அவருக்கு வண்டி வரவில்லை, அவ்வளவுதான். சரி, அவர் திட்டட்டும். ஆனால் அன்றைக்குப் பத்திரமாக இருந்ததும் அவர்தான்.

அப்புறம் மொயாஸ்டா சந்திப்பு. பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று கில்ரஷுக்கும் ஒன்று கில்கீக்கும் போகும் இடம். அங்கே தண்டவாளம் முக்கோணமாக வளைவதைப் படம் போடாமல் விளக்க முடியாது, விட்டுவிடுகிறேன். கடிகாரமும் முறைக்கிறது. மூடிய கதையைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், 1952ல் பயணிகளுக்கு டீசல் வண்டி, 1955ல் சரக்குக்கும் டீசல் எஞ்சின் என்று புதுசாகப் பணம் போட்டார்கள். போட்டு ஆறே வருஷத்தில், 1961 ஜனவரி 31 அன்று, நஷ்டம் என்று சொல்லி முழுப் பாதையையும் மூடிவிட்டார்கள். பழைய நீராவி எஞ்சின் ஒன்றைப் பழுதுபார்த்து 2009ல் மொயாஸ்டாவுக்குக் கொண்டுவந்தார்கள், அங்கே கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளமும் திரும்பப் போட்டிருக்கிறார்கள். அதைப் போட்டவர்களைப் பற்றியும்... சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.