வாக்குப்பெட்டி சொல்லும் சாட்சி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆண், பெண் முரண் மெய்யா, கற்பனையா என்னும் இந்த வழக்கில், மெய்யே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், அன்பால் இணைந்த குடும்பத்தில் முரணுக்கு இடமேது, அது பெண்ணியம் கட்டிவிட்ட கதை என்று உருக்கமாக முடித்தார். அன்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அன்பு இருக்கும் இடத்தில் உரிமையும் தானாக வந்துவிடும் என்று அவர் எண்ணிக்கொண்டதைத்தான் மறுக்கிறேன்.

1959 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்து, பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று பொது வாக்கெடுப்பு நடத்தியது. வாக்கு ஆண்களிடம் மட்டுமே இருந்தபடியால், தம் தாயும் மனைவியும் மகளும் நாட்டின் தேர்தலில் வாக்களிக்கலாமா என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் கூடாது என்றனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர். அன்று மாலையே வீடு திரும்பி, அதே பெண்களோடு சிரித்துப் பேசியிருப்பார்கள். அன்பில் குறை இல்லை. அதிகாரத்தைப் பகிரத்தான் மனம் வரவில்லை. நான் முரண் என்று சொல்வது இதைத்தான். பெண்கள் ஓயாமல் போராடியதால் 1971இல் அதே ஆண்களில் ஏறத்தாழ 66 விழுக்காட்டினர் இசைந்தனர். அப்பன்செல் இன்னர்ரோடன் என்னும் சிறு மாநிலமோ, தன் மாநில வாக்கெடுப்புகளில் பெண்களுக்கு இடமில்லை என்று அதற்குப் பிறகும் பிடிவாதமாக நின்று, 1990இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே பணிந்தது. இல்லாத முரணைத் தீர்க்க நீதிமன்றம் எதற்கு?

ஆண்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று நான் சொல்லவில்லை. 1867லேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் பெண்களுக்கு வாக்குக் கேட்டபோது 73 உறுப்பினர்கள் அவரை ஆதரித்தார்கள்.

1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் ஒருசேர நிறுத்தினார்கள். தந்தையர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பணியிடம் போக நேர்ந்தது. மறுஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. 1980இல் விக்டிஸ் என்னும் பெண்மணியை அந்த மக்கள் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். முரணை வாய்விட்டுச் சொன்னதால் அங்கே குடும்பங்கள் சிதறிவிடவில்லை என்பதை எதிரணி கவனிக்க வேண்டும்.

சட்டம் எட்டாத இடம் ஒன்று உண்டு. நள்ளிரவில் குழந்தையின் நெற்றி கொதிக்கிறது. வேலைக்குப் போகும் தாய், தந்தை இருவருமே பதறி எழுகிறார்கள். ஒருவர் துணியை நனைக்க, மற்றவர் மருந்து தேடுகிறார். அதுவரை இருவரும் சமம். நாளை விடுப்பு எடுப்பது யார் என்று மட்டும் இருவரும் பேசிக்கொள்வதில்லை. விடியுமுன் அவள் கைப்பேசியை எடுத்து மேலாளருக்குச் செய்தி எழுதத் தொடங்கிவிடுகிறாள். சண்டை நடக்கவில்லை, ஆகவே முரண் இல்லை என்று எதிரணி குறித்துக்கொள்ளும். பேச்சே தேவைப்படாத அளவுக்கு முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்கிறேன் நான். உலகில் ஊதியமில்லாப் பராமரிப்பு வேலையில் முக்கால் பங்குக்கு மேல் பெண்களே சுமக்கிறார்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது.

எதிரணித் தலைவர் பேச எழும்போது, அந்தச் செய்தியை எழுதியது ஏன் அவள் கை என்பதற்கு முதலில் விடை சொல்லட்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.