போர்க்காலத்தில் ஒரு காணிக்கை

வணக்கம் நேயர்களே.

1795ஆம் ஆண்டு பாரிஸ். ரொட்டிக்குத் தட்டுப்பாடு, காகிதப் பணத்துக்கு மதிப்பில்லை. தலை வெட்டும் கில்லட்டின் ஓயாமல் விழுந்த நாட்களை ஊர் இன்னும் மறக்கவில்லை. ஆஸ்திரியாவோடு போர் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆண்டில்தான் இருபது வயது நிறையாத ஓர் இளைஞர், இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகியவற்றுக்காகத் தாம் எழுதிய மூன்று நால்வரிசைகளை அச்சில் கொண்டுவந்தார். அவற்றை யாருக்குக் காணிக்கை ஆக்கினார் தெரியுமா? எதிரி நாட்டவரான ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனுக்கு! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அந்த இளைஞர் யாசாந்த் ஜாதான். 1776இல் வெர்சாயில் பிறந்தவர். தகப்பனார் அரசவையில் பசூன் என்ற ஊதுகருவி வாசித்தவர், அண்ணன் லூயியும் இசையமைப்பாளர். பாஸ்டில் சிறை வீழ்ந்த 1789இல், 13 வயதில், ஜாதான் பாரிஸில் கச்சேரி மேடை ஏறினார். பிறகு பிரெஞ்சுப் புரட்சியில் அரசவை போயிற்று, அதை நம்பிய பிழைப்பும் போயிற்று. புரட்சி விழாவுக்குப் பாட்டு எழுதிய அதே கைதான் இந்த நால்வரிசைகளையும் எழுதியது.

ஹைடனுக்குக் காணிக்கை என்றதும் இசையமைப்பாளர் மோட்சார்ட் நினைவுக்கு வருவார். அவரும் ஆறு நால்வரிசைகளை ஹைடனுக்கே அளித்தார். அவற்றில் கடைசி, 1785இல் எழுதியது, தொடங்கும் விதமே விநோதம். செல்லோ ஒரே சுரத்தை மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக வந்து சேரும். வயோலா சற்றுமுன் தாழ்த்திப் பிடித்த சுரத்தையே முதல் வயலின் உயர்த்திப் பிடிக்கும். ஆதார சுருதி எதுவென்று பிடிபடாமல் காது தடுமாறும். அந்தக் காலத்துக் காதுகளுக்கு இது அபசுரமாகவே பட்டது.

ஹைடனுக்கு அளித்த முதல் தொகுதியை அடுத்து வந்த ஜாதானின் இரண்டாம் தொகுதியில் முதல் நால்வரிசை, ஈ ஃபிளாட் மேஜர் என்ற சுருதி அமைப்பில் அமைந்தது, அந்தப் பாதையில் கால் வைக்கிறது. முதலில் மெதுவான முன்னுரை, அதற்குப் பிறகே வேகம் பிறக்கிறது. இதை வெறும் நகல் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைய பாரிஸில் முதல் வயலின் வித்தை காட்ட, மற்ற மூவர் பக்கத்துணை செய்யும் நால்வரிசைகளுக்கு மவுசு இருந்தது. இவரோ நால்வரும் ஒருவருக்கொருவர் காதுகொடுத்தால்தான் நிற்கும் இசையை எழுதினார்.

1795இல் தொடங்கப்பட்ட பாரிஸ் கன்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் பியானோ ஆசிரியரானார். காசநோய் அவரை விடவில்லை. 1800 செப்டம்பரில், 24 வயதில் மறைந்தார்.

இப்போது அந்த ஈ ஃபிளாட் நால்வரிசையின் முதல் பகுதி. தொடக்கத்தில் ஒலி மிகத் தாழ்ந்திருக்கும். வானொலியின் சத்தத்தைச் சற்றே கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.